குரல் பதிவை வெட்டிச் சீராக்குவது எப்படி: ரீப்பரில் முதல் படிகள்

கதை வாசிப்பு, பாட்காஸ்ட், பாடம், நேர்காணல் என்று குரலைப் பதிவு செய்து வெளியிட நினைப்பவர்களுக்காக, ரீப்பர் என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளை வைத்து இதை எழுதுகிறேன். இசைப்பதிவு வேறு கதை, அதை இங்கே தொடப்போவதில்லை.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரு மென்பொருளில் எத்தனை எஃபெக்ட் (ஒலியை மெருகேற்றும் கருவி) இருக்கிறது என்று பார்த்துத்தான் அதை மதிப்பிடுகிறார்கள். சில மாதம் வேலை செய்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் பேசுவது வேறு. வெட்டியதைத் திரும்ப எடுக்க முடிகிறதா, நடுவில் ஒரு வாக்கியத்தை நீக்கினால் பின்னால் இருப்பதெல்லாம் ஒழுங்காக நகர்ந்து வருகிறதா, மூன்று மணி நேரப் பதிவைத் திறந்தால் கணினி திணறுகிறதா என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். குரல் எடிட்டிங்கில் நேரம் போவதெல்லாம் வெட்டுவதில்தான். எஃபெக்ட் போடும் வேலை ஒருமுறை அமைத்துவிட்டால் முடிந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரையிலும் வெட்டுக்குத்தான் அதிக இடம்.

எந்த மென்பொருள்?

ஆடாசிட்டி இலவசம். டொமினிக் மஸோனியும் ரோஜர் டேனன்பர்க்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கியது. முதல் நாளிலேயே பயந்துபோகாமல் வேலை செய்ய முடியும் என்பது அதன் பலம். ஆனால் முன்பெல்லாம் அதில் எஃபெக்ட் போட்டால் ஒலியே மாறிவிடும், பிறகு சரிசெய்ய வேண்டுமென்றால் பின்னோக்கி அன்டூ செய்துகொண்டே போகவேண்டும். 2022இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து, ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே எஃபெக்டைப் போட்டு, கேட்டு, மாற்றும் வசதி வந்துவிட்டது. பழைய கணினியில் பழைய பதிப்பு இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள்.

அடோபி ஆடிஷன், முன்னாளில் கூல் எடிட் ப்ரோ என்ற பெயரில் வானொலிக்காரர்களின் கையில் இருந்தது. அடோபி அதை 2003இல் வாங்கியது. இரைச்சலைக் கண்ணால் பார்த்துத் துடைக்கும் வசதி அதில் மிக நன்றாக இருக்கும். ஆனால் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ப்ரோ டூல்ஸ் சினிமா ஒலிக்கூடங்களின் மொழி, அந்த வேலைக்குப் போக விரும்புகிறவர் அதைக் கற்றுத்தான் ஆகவேண்டும். வீட்டிலிருந்து குரல் பதிவு செய்பவருக்கு அது தேவைக்கு அதிகம்.

நான் புதியவர்களுக்குச் சொல்வது ரீப்பர். வின்ஆம்ப் பிளேயரை உருவாக்கிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் காக்கோஸ் நிறுவனம் செய்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 60 நாட்கள் எந்தப் பூட்டும் இல்லாமல் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன்பின் தனிநபர் உரிமம் 60 டாலர், சந்தா கிடையாது. வாங்கும்போது இருக்கும் பெரிய பதிப்போடு அடுத்த பெரிய பதிப்பையும் அதே உரிமத்தில் பயன்படுத்தலாம். தரவிறக்கமும் சிறியது, பழைய மடிக்கணினியிலும் திணறாது.

குறை என்னவென்றால், திறந்ததும் வெறும் சாம்பல் நிறத் திரைதான் வரும். எங்கே தொடங்குவது என்று எந்தக் குறிப்பும் இருக்காது. மெனுக்களோ முடிவில்லாமல் நீளும். பலர் முதல் நாளே மூடிவிட்டுப் போவது இதனால்தான். அந்த மெனுக்களில் உங்களுக்குத் தேவைப்படுவது பத்துப் பதினைந்து கட்டளைகள்தான். அவை கைக்கு வந்துவிட்டால் ரீப்பரைவிட வேகமான கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

பதிவுக்கு முன்

ரீப்பரைத் திறந்தவுடன், எதையும் பதிவு செய்வதற்கு முன்பே, கண்ட்ரோல்+எஸ் அழுத்திச் சேமியுங்கள். சேமிக்கும் பெட்டியின் அடியில், இந்த ப்ராஜெக்டுக்குத் தனி உள்கோப்புறை உருவாக்கு என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யுங்கள். ஒலிக்கோப்புகள் எல்லாம் அந்த ஒரே கோப்புறைக்குள் போய்ச் சேரும். இதைச் செய்யாதவர்களுக்கு ஒலிக்கோப்பு ஓரிடத்திலும் ப்ராஜெக்ட் வேறிடத்திலுமாகக் கிடக்கும். பிறகு கோப்புறையை நகர்த்தினால் திறக்கும்போது கோப்பைக் காணவில்லை என்று செய்தி வரும். ரீப்பரின் ப்ராஜெக்ட் கோப்பில் ஒலி இருக்காது. எந்தக் கோப்பின் எந்தப் பகுதி எந்த நொடியில் வரவேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கும். இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்து ஆல்ட்+என்டர். ப்ராஜெக்ட் அமைப்புகள் திறக்கும். சாம்பிள் ரேட்டை (ஒரு நொடியில் ஒலியை எத்தனை முறை அளப்பது என்ற கணக்கை) 48,000 என்று வையுங்கள், வீடியோவோடு சேர்க்க நேர்ந்தாலும் சிக்கல் வராது. ஒலிப்புத்தகம் மட்டும்தான் என்றால் 44,100 போதும், அந்தத் துறையில் அதைத்தான் கேட்கிறார்கள். பதிவு 24 பிட் வேவ் கோப்பாக இருக்கட்டும். ஒரு மைக், ஒரு குரல் என்றால் மோனோ போதும். இந்த அளவில் ஒரு மணி நேரம் பதிவு செய்தால் சுமார் 520 எம்பி ஆகும். நேரடியாக எம்பி3யில் பதிவு செய்து இடத்தை மிச்சப்படுத்த வேண்டாம். எம்பி3 என்பது கடைசியில் அனுப்புவதற்கான வடிவம், அதில் வெட்டி ஒட்டி மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும்.

மைக்கைத் தேர்வு செய்வதற்கு கண்ட்ரோல்+பி (P) அழுத்தி, ஆடியோ, அதற்குள் டிவைஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வைத்திருந்தால் விண்டோஸில் அதைச் செய்த நிறுவனத்தின் ஏசியோ (ASIO) டிரைவரை நிறுவி அதையே தேர்ந்தெடுங்கள். கண்டென்சர் மைக்காக இருந்தால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானை இயக்க வேண்டும். சத்தமே வரவில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு இந்தப் பொத்தான்தான் பிரச்சினை.

பதிவு

கண்ட்ரோல்+டி (T) அழுத்தினால் ஒரு ட்ராக், அதாவது ஒலி பதிவாகும் ஒரு வரிசை, வரும். அதிலுள்ள சிவப்பு வட்டத்தை அழுத்தினால் அந்த ட்ராக் பதிவுக்குத் தயார். நீங்கள் உண்மையில் வாசிக்கப்போகும் குரலில், உரக்க வரும் ஓரிடத்தை வாசித்துப் பார்த்து, மீட்டரின் உச்சம் -12க்கும் -6க்கும் இடையில் நிற்கும்படி இன்டர்ஃபேஸில் மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழைத் திருப்புங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி உடையும், உடைந்ததைச் சரிசெய்ய நல்ல வழி கிடையாது. கொஞ்சம் மெல்லப் பதிவாகியிருந்தால் கவலை வேண்டாம், 24 பிட்டில் பிறகு உயர்த்திக்கொள்ளலாம்.

கண்ட்ரோல்+ஆர் அழுத்தினால் பதிவு தொடங்கும். தொடங்கியதும் பேசாமல் பத்து நொடி அசையாமல் இருங்கள். அந்த வெற்று அறையின் ஒலி பிறகு இரண்டு வேலைகளுக்குத் தேவைப்படும்: இரைச்சலை நீக்கவும், வெட்டிய இடைவெளிகளை நிரப்பவும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். ஏசி ஓடினால் அதையும். சென்னையின் மே மாதத்தில் இதைச் சொல்வது கொடுமைதான், ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு பதிவு செய்வது, விசிறிச் சத்தத்தோடு எடுத்துவிட்டுப் பிறகு மென்பொருளோடு போராடுவதைவிட எவ்வளவோ மேல். பீரோவைத் திறந்து தொங்கும் துணிகளுக்கு முன்னால் உட்கார்ந்தால் எதிரொலியும் குறையும்.

வாசிப்பில் தடுக்கினால் நிறுத்தாதீர்கள். ஒருமுறை கைதட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசியுங்கள். பாதி வாக்கியத்திலிருந்து தொடர வேண்டாம், குரலின் ஏற்ற இறக்கம் ஒட்டாது. கைதட்டல் அலைவடிவத்தில் ஊசிபோல நிமிர்ந்து நிற்கும், எங்கே தவறு என்று தேடவேண்டியிருக்காது. விசைப்பலகை எட்டும் தூரத்தில் இருந்தால் எம் விசையை அழுத்தியும் குறியிடலாம், பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே விழும்.

வெட்டு

இனிதான் உண்மையான வேலை. ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். மடிக்கணினி ஸ்பீக்கரில் கேட்டு வெட்டினால் சின்னச் சின்ன 'டிக்' ஒலிகள் காதில் விழாது, வெளியிட்ட பிறகு கேட்பவருக்கு மட்டும் விழும்.

முதலில் திரையில் நடமாடப் பழகவேண்டும். மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் நேரம் விரியும், சுருங்கும். ஆல்ட் அழுத்திச் சுழற்றினால் இடவலமாக நகரும். அலைவடிவம் மெலிந்து தெரிந்தால் ஷிஃப்ட்+மேல் அம்பு: படம் பெரிதாகும், ஒலியின் அளவு மாறாது. மூச்சும் வாயின் ஈரச் சத்தமும் எங்கே இருக்கின்றன என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஸ்பேஸ் விசை ஓட்டவும் நிறுத்தவும்.

வெட்டுவதற்கு எஸ் விசை. கர்சரை வைத்து எஸ் அழுத்தினால் துண்டு இரண்டாகும். தவறான வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு எஸ், கைதட்டலுக்குப் பின் ஒரு எஸ், நடுத்துண்டைத் தேர்ந்து டெலீட். இங்கே ரீப்பரின் மிகப்பெரிய நிம்மதி தெரியவரும். நீக்கியது மூலக் கோப்பிலிருந்து போய்விடவில்லை. மீதித் துண்டின் ஓரத்தைப் பிடித்து வெளியே இழுத்தால் வெட்டிய பகுதி அப்படியே திரும்பி வரும். ஒரு வாரம் கழித்து வந்து இழுத்தாலும் வரும். அதனால் தயங்காமல் வெட்டிப் பழகலாம்.

நீக்கியதும் ஒரு வெற்றிடம் விழுமே, பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் கையால் நகர்த்தவேண்டுமா? வேண்டாம். அதற்குத்தான் ரிப்பிள் எடிட்டிங். ஆல்ட்+பி (P) ஒருமுறை அழுத்தினால் அந்த ட்ராக்குக்கு மட்டும், இன்னொரு முறை அழுத்தினால் எல்லா ட்ராக்குக்கும், மூன்றாம் முறை அழுத்தினால் அணைந்துவிடும். இயங்கும்போது ஒரு துண்டை நீக்கினால் பின்னால் இருப்பவை தாமாக முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். இதில் ஓர் எச்சரிக்கை. நேர்காணலில் கேட்பவருக்கு ஒரு ட்ராக், பதில் சொல்பவருக்கு ஒரு ட்ராக் என்று இருந்தால், எல்லா ட்ராக்குக்குமான ரிப்பிளைத்தான் பயன்படுத்தவேண்டும், வெட்டும்போதும் இரண்டு ட்ராக்கையும் ஒரே இடத்தில் வெட்டவேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்தினால் அந்த இடத்திலிருந்து கடைசி வரை கேள்விக்கு முன்னால் பதில் வரும். ஆல்ட்+பி எந்த நிலையில் இருக்கிறது என்பதை மேலேயுள்ள கருவிப்பட்டையில் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். ரீப்பர் பயன்படுத்துகிறவர்கள் சொல்லும் குறைகளில் பாதி இந்த ஒரு பொத்தானை மறந்ததால் வந்தவை.

சரி, எந்த இடத்தில் வெட்டுவது? ஆங்கிலப் பயிற்சி வீடியோக்கள் வார்த்தைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் வெட்டச் சொல்லும். தமிழில் வார்த்தைகள் அப்படி விட்டுவிட்டு வருவதில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். ஆனால் தமிழே நமக்கு ஒரு நல்ல இடத்தைத் தருகிறது. க்க, ட்ட, த்த, ப்ப, ற்ற போன்ற வல்லின இரட்டிப்பு வரும்போது, வாய் ஒரு கணம் முழுதாக மூடிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் ஒலியே இல்லை. அலைவடிவத்தை விரித்துப் பார்த்தால் அந்த இடம் கோடாகத் தட்டையாக இருக்கும். அங்கே வெட்டினால் யாருக்கும் தெரியாது. 'அந்தப் பையன்', 'போய்ப் பார்த்தேன்', 'எனக்குக் கொடு' என்று வரும் இடங்களில் ஒற்று இருக்கும் புள்ளியில் ஒரு வாசிப்பிலிருந்து இன்னொரு வாசிப்புக்குத் தாவலாம்.

ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப வரும் இடங்களில் இது நடக்காது. மூக்கொலி தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும், மௌனம் கிடையாது. உயிரெழுத்தின் நடுவில் வெட்டுவது இன்னும் மோசம், குரலின் சுருதி இரண்டு பக்கமும் ஒத்துவராமல் குதிக்கும். வேறு வழியே இல்லையென்றால் இரண்டு துண்டுகளையும் சில மில்லிநொடி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வையுங்கள், ரீப்பர் அங்கே ஒன்றைத் தேய்த்து மற்றதை வளர்க்கும் கிராஸ்ஃபேடைத் தானே போட்டுவிடும்.

இன்னொன்று, வாக்கியம் முடியும் இடம். பேச்சுவழக்கில் 'வந்தான்', 'போனோம்' போன்ற சொற்களின் கடைசி மெய் தனியாக ஒலிக்காமல் உயிரோடு கலந்து மூக்கில் தேய்ந்து முடியும். அலைவடிவத்தில் அது மெலிந்து கோடுபோல ஆகிவிடுவதால், முடிந்துவிட்டது என்று நினைத்து வெட்டிவிடுவார்கள். கேட்டால் 'வந்தா', 'போனோ' என்று பாதியில் நின்றதுபோல இருக்கும். கண் சொல்லும் இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் விட்டு, கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

மூச்சுச் சத்தம் குறித்துப் புதியவர்களுக்குத் தேவையில்லாத வெறி ஒன்று வரும். எல்லா மூச்சையும் நீக்கிவிடுவார்கள். அப்படி நீக்கிய வாசிப்பைக் கேட்டால் நமக்கே நெஞ்சு அடைக்கும், கேட்பவர் தன்னை அறியாமல் வாசிப்பவரோடு சேர்ந்து மூச்சு விடுகிறார். வாக்கியத்தின் நடுவில் வரும் அவசர மூச்சை எடுத்துவிடலாம். பத்தி தொடங்கும் முன் வரும் மூச்சை விட்டுவிடுங்கள். உரக்கக் கேட்டால் அதை மட்டும் தனித்துண்டாக வெட்டி, எஃப்2 அழுத்தி, அதன் வால்யூமை 6 முதல் 10 டெசிபல் குறைத்தால் போதும்.

இடைவெளிகளை எப்போதும் வெறும் மௌனத்தால் நிரப்பாதீர்கள். அறையின் ஒலி ஓடிக்கொண்டிருக்கையில் திடீரென்று முழு மௌனம் வந்தால், இணைப்பு அறுந்ததுபோலக் காதில் படும். பதிவின் தொடக்கத்தில் எடுத்த அந்தப் பத்து நொடி வெற்று அறையை இங்கே நகலெடுத்து ஒட்டுங்கள். எவ்வளவு இடைவெளி என்று கேட்டால், வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் அரை நொடியிலிருந்து முக்கால் நொடி, பத்திக்குப் பத்தி ஒரு நொடிக்குமேல் என்று தொடங்கலாம். ஆனால் மரணச் செய்தி சொல்லும் வரிக்குப் பின் வரும் இடைவெளியும் சந்தைக் காட்சியின் இடைவெளியும் ஒன்றாக இருக்கக் கூடாது. இதற்கு அளவுகோல் கிடையாது, உரையைப் படித்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

எஃபெக்ட்

வெட்டி முடித்த பிறகு ட்ராக்கிலுள்ள எஃப்எக்ஸ் பொத்தானை அழுத்துங்கள். ரீப்பரோடு வரும் இலவசக் கருவிகளே குரலுக்குப் போதும். வரிசை முக்கியம்.

முதலில் ரீஈக்யூ, ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி. அதில் ஒரு பட்டையை ஹைபாஸ் (கீழே உள்ள ஒலியைத் தடுப்பது) ஆக்கி 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழே குரலில் பயனுள்ளது ஒன்றும் இல்லை, மேசை அதிர்வும் லாரிச் சத்தமும்தான் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், எர்த் சரியில்லாத வீட்டில் 50, 100, 150 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம் வரும். 50ஐ ஹைபாஸ் குறைத்துவிடும், மற்ற இரண்டையும் குறுகிய பட்டை வைத்துக் குறைக்கலாம். அதைவிட நல்லது, மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்துபார்ப்பது.

அடுத்து ரீஃபிர், இரைச்சலைக் கழிக்க. இதன் மோடை சப்ட்ராக்ட் என்று மாற்றி, இரைச்சலின் மாதிரியைத் தானாக உருவாக்கும் கட்டத்தை டிக் செய்து, வெற்று அறையின் பகுதியை மட்டும் சில நொடி ஓட்டுங்கள். நிறுத்தியதும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். எடுக்காமல் குரலை ஓட்டினால், உங்கள் குரலையும் இரைச்சல் என்று எண்ணிக் கழிக்கத் தொடங்கிவிடும். கழித்த பின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தால் அளவு அதிகம். கொஞ்சம் இரைச்சல் மிஞ்சியிருப்பது பரவாயில்லை.

இரைச்சலை நீக்கிய பிறகுதான் கம்ப்ரெஸர். அது மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கிறது, அதனால் முன்னால் போட்டால் இரைச்சலும் மேலே ஏறி வரும். ரீகாம்ப் என்ற கம்ப்ரெஸரில் ரேஷியோவை 3க்கு 1 என்று வைத்து, உரத்த இடங்களில் 3 முதல் 6 டெசிபல் வரை குறையும்படி த்ரெஷோல்டை (குறைப்பு தொடங்கும் அளவை) இறக்குங்கள். ஸ, ஷ, ச ஒலிகள் காதைக் குத்தினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பகுதியைத்தான் பார்க்கவேண்டும். அதற்கு டீஎஸ்ஸர் போடலாம், அல்லது குத்தும் அந்த எழுத்துகளை மட்டும் வெட்டி எஃப்2வில் குறைக்கலாம். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் மற்ற எழுத்துகள் மழுங்காது.

ஒலி அளவும் ஏற்றுமதியும்

கண்ட்ரோல்+ஆல்ட்+ஆர் அழுத்தினால் இறுதிக் கோப்பை உருவாக்கும் ரெண்டர் பெட்டி வரும். ஒலியை வேண்டிய அளவுக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் வசதி அதிலேயே இருக்கிறது. பாட்காஸ்ட் என்றால் -16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அளவு), உச்சம் -1 டெசிபலைத் தாண்டாமல். ஆப்பிள் பரிந்துரைப்பது இதுதான், மற்ற தளங்களிலும் இது நன்றாகவே ஒலிக்கும். ஒலிப்புத்தகத்துக்கு அமேசானின் ஏசிஎக்ஸ் (ACX) என்ற ஒலிப்புத்தகத் தளம் கேட்கும் அளவுகள் வேறு: சராசரி ஒலி -23க்கும் -18க்கும் இடையில், உச்சம் -3க்குக் கீழே, பேசாத இடங்களின் இரைச்சல் -60க்குக் கீழே, கோப்பு 192 கேபிபிஎஸ் எம்பி3. நீங்கள் அங்கே வெளியிடாவிட்டாலும் இதை இலக்காக வைத்துப் பழகுங்கள். அந்த -60ஐத் தொட முடிகிறது என்றால் உங்கள் அறை நல்ல நிலைமையில் இருக்கிறது.

எப்போதும் இரண்டு கோப்பு எடுங்கள். ஒரு 24 பிட் வேவ் பத்திரமாக வைக்க, ஒரு எம்பி3 அனுப்ப. அனுப்பும் முன் எம்பி3யை மொபைலில் போட்டு, ஹெட்ஃபோன் இல்லாமல், அடுப்படிச் சத்தத்துக்கு நடுவே முழுதாக ஒருமுறை கேளுங்கள். கேட்பவர்கள் அப்படித்தான் கேட்கப்போகிறார்கள். வார்த்தை புரியாத இடங்களை நேரத்தோடு குறித்துக்கொண்டு வந்து, அந்த இடங்களை மட்டும் திருத்துங்கள். அப்புறம் ப்ராஜெக்ட் கோப்புறை முழுவதையும் வேறொரு டிஸ்கில் நகலெடுத்துவிட்டு, அந்த நகலை அங்கிருந்தே ஒருமுறை திறந்து ஓட்டிப்பாருங்கள். எல்லா ஒலியும் வந்தால் அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கலாம்.